மும்பையில மூணு நாள்: வாசகர் கேள்வி பதில்

லீவுக்கு மும்பை வர்றோம், எங்க தங்கறது, எப்படி சுத்தறதுன்னு கேட்டு இந்த மாசம் நிறைய கடிதம் வந்துருக்கு, அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே பதில். நான் சயான்ல 28 வருஷமா இருக்கேன், தினம் லோக்கல்ல போய் வர்றவ, அந்த அனுபவத்துல தெரிஞ்சதை சொல்றேன்.

அக்கா, தூத்துக்குடியில இருந்து அஞ்சு பேர் வர்றோம். நான், வீட்டுக்காரர், முட்டி வலி இருக்க மாமியார், ரெண்டு பிள்ளைங்க. மூணு முழு நாள் இருக்கு. பாக்கணும்னு எழுதி வச்சதுல 17 இடம் சேர்ந்துருச்சு. ஒரு கார் பேசி ஒரு நாளைக்கு ஆறு இடம்னு முடிச்சிடலாம்ங்கறாரு வீட்டுக்காரர். சரியா வருமா?
- வாசகி, தூத்துக்குடி

வராதும்மா. முதல்ல ஊர் எப்படி இருக்குன்னு மனசுல வாங்கிக்கோங்க. மும்பை நம்ம மதுரை மாதிரி நடுவுல கோயில், சுத்தி வீதின்னு வட்டமா இருக்க ஊர் இல்ல, தெற்கு வடக்கா நீளமா ஒரு முருங்கைக்காய் மாதிரி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கு. சர்ச்கேட்ல இருந்து போரிவலி வரைக்குமே 34 கிலோமீட்டர், அதுக்கப்புறமும் ஊர் முடியல. கேட்வே ஆஃப் இந்தியா, சிஎஸ்எம்டி (பழைய வி.டி. ஸ்டேஷன்), மெரைன் டிரைவ் எல்லாம் அடி நுனியில, ஜுஹு பீச் நடுவுல, கன்ஹேரி குகை மேல. இதையெல்லாம் ஒரே நாள்ல கார்ல கோர்க்கணும்னா நாள் பூரா சிக்னல்லதான் போகும்.

எங்க சித்தி கோவில்பட்டியில இருந்து முதல் தடவை வந்தப்போ நான் அதைத்தான் செஞ்சேன், பெரியவங்களை ட்ரெயின்ல இழுத்தடிக்க வேண்டாம்னு கார் வச்சு காலையில கேட்வே, மதியம் சித்தி விநாயகர், சாயங்காலம் ஜுஹுன்னு கூட்டிட்டு போனேன். ஊருக்கு போய் போன் பண்ணி, "நல்லாத்தான் கவனிச்சுக்கிட்டே, ஆனா நான் பாத்ததெல்லாம் முன்னாடி போற வண்டியோட முதுகைத்தான்"னு சொன்னாங்க. அது எனக்கு இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அதுக்கப்புறம் யார் வந்தாலும் ஒண்ணுதான் சொல்றேன், ஒரு நாளைக்கு ஊரோட ஒரு பக்கம், அங்க போய் இறங்கிட்டா மிச்சம் நடை. 17 இடத்துல 10 விட்டுப்போகும், போகட்டும்.

தங்கறதுக்கு தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் பாருங்க, அங்கிருந்து எந்தப் பக்கமும் பாதி தூரம்தான். நேரம் மட்டும் கவனிக்கணும். காலையில கூட்டம் தெற்கே வேலைக்கு போகும், சாயங்காலம் வடக்கே வீட்டுக்கு திரும்பும். நீங்க அதுக்கு எதிர்ல போங்க. தெற்கே போற அன்னைக்கு நிதானமா சாப்பிட்டு 11 மணிக்கு மேல கிளம்புங்க, திரும்பறது 9 மணிக்கு மேல. வடக்கே போற அன்னைக்கு காலையிலயே கிளம்பிடலாம், வண்டி காத்தாட இருக்கும்.

தெற்குக்கு ஒரு நாள் முழுசா வைங்க. சிஎஸ்எம்டியில இறங்கினதும் உள்ளேயே ஓடாம வெளிய வந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு அந்த கட்டடத்தை பாருங்க. ஸ்டீவன்ஸ்ங்கற இன்ஜினியர் வரைஞ்சது, 1888ல கட்டி முடிச்சாங்க, 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. கல்லுல மயிலு, குரங்கு, இலை, கொடின்னு செதுக்கியிருக்காங்க, பிள்ளைங்களை எண்ணச் சொல்லுங்க. அங்கிருந்து அப்படியே நேரா நடந்தா ஃப்ளோரா ஃபவுண்டன், அதைத் தாண்டி ஓவல் மைதானம். மும்பையில எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், டூரிஸ்ட் யாரும் நிக்கறதே இல்ல. மைதானத்தை குறுக்கால வெட்டிக்கிட்டு ஒரு நடைபாதை போகும், அதுல நடுவுல நின்னுக்கிட்டு கிழக்கே பாத்தா ஹைகோர்ட்டும் யுனிவர்சிட்டியும் ராஜாபாய் மணிக்கூண்டும், எல்லாம் 19ம் நூற்றாண்டு கல் கட்டடம், கூர் கூரா வளைவு வச்சது. அப்படியே திரும்பி மேற்கே பாத்தா 1930கள்ல கட்டின அபார்ட்மென்ட்டுங்க, கப்பல் மாதிரி வளைஞ்ச பால்கனியோட வரிசையா நிக்கும். ரெண்டு பக்கத்தையும் சேர்த்துதான் 2018ல யுனெஸ்கோ எடுத்துச்சு. ரெண்டு மூணு தலைமுறைக்குள்ள ஒரு ஊரோட ரசனை எப்படி மாறிச்சுன்னு ஒரே இடத்துல நின்னு பாத்துடலாம், டிக்கெட் கிடையாது, சுத்தி கிரிக்கெட் ஆடுற பசங்க மட்டும்தான். அங்கிருந்து சர்ச்கேட் தாண்டி கொஞ்சம் நடந்தா மெரைன் டிரைவ், இருட்டுற வரைக்கும் மதில் மேல உக்காந்துடுங்க, மாமியாருக்கும் அது ரெஸ்ட். மொத்த நடை ரெண்டரை, மூணு கிலோமீட்டர், முடியலன்னா நடுவுல டாக்ஸி கை காட்டினா நிக்கும்.

இன்னொரு நாள் சித்தி விநாயகர், தாதர், மாட்டுங்கான்னு வைங்க. இப்போ தரைக்கு அடியில ஓடுற மெட்ரோ 3 வந்துட்டதால பெரியவங்களை கூட்டிட்டு போறது எவ்வளவோ சுலபமாயிடுச்சு, 2025 அக்டோபர்ல இருந்து ஆரேல தொடங்கி கஃப் பரேடு வரைக்கும் முழுசா ஓடுது, சித்தி விநாயகருக்கு தனி ஸ்டேஷனே இருக்கு, லிஃப்ட் இருக்கு, ஏசி. ஏர்போர்ட் ரெண்டு டெர்மினலுக்கும் அதே லைன்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் விநாயகருக்கு போகாதீங்க, அன்னைக்கு கியூல மாமியார் முட்டி தாங்காது. மாட்டுங்காவுல பிள்ளைங்களுக்கு ஸ்டேஷனை காட்டுங்க, சென்ட்ரல் லைன் ஸ்டேஷன், மாஸ்டர்ல இருந்து டிக்கெட் செக்கர் வரைக்கும் 2017ல இருந்து பெண்களே நடத்துறது.

மூணாவது நாளுக்கு எலிபன்டா தீவுக் குகையா கன்ஹேரியா, ரெண்டுல ஒண்ணு. எலிபன்டாவுக்கு கேட்வேல இருந்து படகுல ஒரு மணி நேரம், இறங்கி 120 படி கிட்ட ஏறணும், முடியாதவங்களுக்கு டோலி இருக்கு. அந்த மூணு முக சிவன் சுமார் 20 அடி உசரம், இருட்டுல கண்ணு பழக கொஞ்ச நேரம் நின்னாத்தான் முகம் ஒண்ணொண்ணா தெரிய வரும், போட்டோ எடுத்துட்டு ஓடிராதீங்க.

மேடம், சனி ஞாயிறு லீவு போக திங்கட்கிழமை ஒரு நாள் கூடுதலா கிடைக்குது, அன்னைக்கு எலிபன்டா போலாமா?
- வாசகர், ஓசூர்

திங்கள் எலிபன்டா குகை லீவு. கன்ஹேரியும் லீவு, அது இருக்க நேஷனல் பார்க்கும் லீவு. திங்கட்கிழமைய தெருவுல நடக்கறதுக்கு வச்சுக்கோங்க.

அக்கா, ஒரு இன்டர்வியூக்கு வெள்ளிக்கிழமை தனியா வர்றேன், ஞாயிறு வரைக்கும் இருப்பேன். லோக்கல் ட்ரெயின் வீடியோவெல்லாம் பாத்து பயமா இருக்கு. ஆட்டோ, கேப்லயே சமாளிச்சிடவா?
- வாசகி, கரூர்

பயப்படாதே தங்கச்சி, ஆனா அந்த பயத்துல நியாயம் இருக்கு. அவசரத்துல தொங்கிக்கிட்டு போறவங்க விழுந்து செத்துப்போற ஊர் இது, அதனால ஒரே ஒரு விஷயம் கேளு, கூட்டமா இருந்தா அந்த வண்டிய விட்டுரு, ஓடுற வண்டியில ஏறவோ இறங்கவோ செய்யாதே, அடுத்தது நாலஞ்சு நிமிஷத்துல வரும்.

ஆட்டோ பாந்த்ரா, சயான் தாண்டி தெற்கே வராது, அங்கெல்லாம் கருப்பு மஞ்சள் டாக்ஸிதான், இங்க காலி பீலிம்பாங்க. ரெண்டுமே மீட்டர்லதான் ஓடும், நம்ம ஊர் மாதிரி பேரம் பேச வேண்டியதில்ல, ராத்திரி 12ல இருந்து 5 வரைக்கும் கால் பங்கு கூட. ஆனா இன்டர்வியூ அன்னைக்கு ரோட்ட நம்பாதே, ட்ரெயின்தான் சொன்ன நேரத்துக்கு கொண்டு போய் விடும்.

லைன் முக்கியமானது மூணு. வெஸ்டர்ன் சர்ச்கேட்ல தொடங்கும், சென்ட்ரலும் ஹார்பரும் சிஎஸ்எம்டியில. வெஸ்டர்னும் சென்ட்ரலும் மாறணும்னா தாதர். அங்க 1ல இருந்து 7 வரை வெஸ்டர்ன் பிளாட்பாரம், 8ல இருந்து 14 வரை சென்ட்ரல், நடுவுல ப்ரிட்ஜ். மாட்டுங்கா சென்ட்ரல்ல, மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன்ல, ரெண்டும் வேற வேற, இதுல மாட்டிக்கறவங்க அதிகம். போர்டுல ஸ்லோவா ஃபாஸ்டான்னு பாத்து ஏறு, ஃபாஸ்ட் எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காது. லேடீஸ் டப்பா எங்க வந்து நிக்கும்னு பிளாட்பாரத்துல பொம்பளைங்க கூடி நிக்கறதைப் பாத்தாலே தெரியும். ஏறினதும் "கஹான் உதர்னா ஹை"ன்னு யாராவது கேப்பாங்க, உன் சீட்டுக்கு இப்பவே துண்டு போடறாங்கன்னு அர்த்தம், இறங்கற ஸ்டேஷன சொல்லிடு. மூணு பேர் பெஞ்சுல நாலாவதா ஒட்டி உக்கார்றதுக்கு பேரே ஃபோர்த் சீட், நகரச் சொன்னா நகர்ந்துக்கோ, அது இங்க மரியாதை. இறங்கற ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷன்லயே எந்திரிச்சு கதவு பக்கம் வந்துரு, வண்டி அரை நிமிஷம் கூட நிக்காது, எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும்னு பக்கத்துல இருக்கவங்களை கேளு, மும்பைக்காரிங்க கையப் பிடிச்சு இறக்கி விடுவாங்க, நானே அப்படித்தான் கத்துக்கிட்டேன்.

ரெண்டு மூணு நாளைக்கு டூரிஸ்ட் டிக்கெட்னு 1, 3, 5 நாளுக்கு கவுன்டர்ல தர்றாங்க, அதை வாங்கிக்கிட்டா ஒவ்வொரு தடவையும் கியூ இல்ல. ஏசி லோக்கலுக்கு தனி டிக்கெட், சாதா டிக்கெட்ல ஏறினா அபராதம். ஞாயித்துக்கிழமை மெகா பிளாக்னு ஏதாவது ஒரு லைன்ல பகல்ல வேலை நடக்கும், சனிக்கிழமையே விசாரிச்சு வச்சுக்கோ. இன்டர்வியூ நல்லா பண்ணு.

நான் கல்லூரி மாணவன். மும்பை வரும்போது தாராவிய பாக்க ஆசை. கைடு வச்சு டூர் கூட்டிட்டு போறாங்களாமே, போலாமா அக்கா?
- வாசகர், மதுரை

தம்பி, எதைப் பாக்கப் போறேன்னு முதல்ல நீயே உன்னைக் கேட்டுக்கோ. குடிசைய பாக்கணும், எப்படி இதுல இருக்காங்கன்னு பாக்கணும்னா வேண்டாம், அது யாரோட வீட்டு வாசல்லயோ நின்னு எட்டிப் பாக்கறது. அங்க இருக்கறதுல நிறையப் பேர் நம்ம சொந்தக்காரங்க மாதிரிதான், திருநெல்வேலி பக்கத்துல இருந்து தோல் பதனிடுற வேலைக்கு வந்தவங்க பேரப்பிள்ளைங்க. காலையில மும்பை பூரா தலையில பாத்திரமும் சைக்கிள்ல ஹார்ன் சத்தமுமா இட்லி விக்கறாங்களே, அந்த இட்லி பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடி தாராவியில வெந்து வர்றது. குஜராத்துல இருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவுல இன்னும் சூளை போடறாங்க.

அதனால வாங்கறவனா போ. சயான்ல இறங்கி 90 அடி ரோட்டுல நட, தமிழ்லயே பேசு, முறுக்கும் டீயும் சாப்பிடு, பிள்ளையார் கோயில்ல கும்பிடு, மெயின் ரோட்டு தோல் கடையில பெல்ட்டோ பர்ஸோ எடு, கும்பார்வாடாவுல ரெண்டு அகல் வாங்கு. பொங்கலுக்கு வந்தேன்னா தெருவுல வரிசையா பானை வச்சு பொங்கறதைப் பாக்கலாம். சந்துக்குள்ள கேமராவ எடுக்காதே, கேட்டுட்டு எடு. ஊரையே இடிச்சு புதுசா கட்டப் போறாங்கன்னு வேலை ஆரம்பிச்சாச்சு, அங்க இருக்கவங்க மனசுல எங்க போவோம்னு ஒரு கவலை ஓடிக்கிட்டு இருக்கு, அந்த நேரத்துல போற, அதை மனசுல வச்சுக்கோ.

ஹிந்தி சுத்தமா தெரியாது, சமாளிக்க முடியுமா?
- வாசகர், நாகப்பட்டினம்

முடியும். "கித்னா"ன்னா எவ்வளவு, "கிதர்"னா எங்க, "பஸ்"னா போதும், இந்த மூணு வார்த்தை இருந்தா சரி, மிச்சத்தை கை பேசும். இங்க ஹிந்தியே மராத்தியும் குஜராத்தியும் கலந்ததுதான், இலக்கணம் யாரும் பாக்கறதில்ல. கடைக்காரர் மராத்திக்காரர்னு தெரிஞ்சா கிளம்பும்போது "தன்யவாத்"னு சொல்லுங்க, முகம் மலர்ந்துரும். பெஸ்ட் பஸ்ஸுல (இங்க டவுன் பஸ்ஸுக்கு அதான் பேரு) முன்னாடி நம்பர் மராத்தி எழுத்துலயும் ஓடும், தெரியலன்னா பக்கவாட்டுல பாருங்க, நம்ம வழக்கமான எண் இருக்கும்.

ஜூலையில வரலாமா? ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அப்பதான் மூணு நாள் சேர்ந்தாப்ல கிடைக்குது. அப்புறம் சாப்பாடு, பிள்ளைங்க சாம்பார் சாதம் இல்லாம இருக்க மாட்டாங்க.
- வாசகி, சேலம்

ஜூலை இங்க உச்ச மழை. கடல்ல பெரிய அலை ஏறுற நேரமும் கொட்டுற மழையும் ஒண்ணா வந்துட்டா தண்ணி வடியாது, சயான், குர்லா, கிங்ஸ் சர்க்கிள் எல்லாம் முட்டி அளவு நிக்கும், ட்ரெயினும் நின்னுரும். எலிபன்டா படகும் கடல் கொந்தளிச்சா விட மாட்டாங்க. அலை ஏறுற நேரம் தினம் பேப்பர்லயே போடுவாங்க, அதைப் பாத்து கிளம்புங்க. ஹாஜி அலிக்கும் அதே கணக்குதான், அலை ஏறினா தர்காவுக்கு போற பாதையே தண்ணிக்குள்ள போயிரும். ஆனா மழையில கன்ஹேரி மாதிரி ஒரு இடம் கிடையாதும்மா, மலையில குடைஞ்ச 100க்கு மேல குகை, அங்க இருந்த பௌத்த துறவிங்க குகைக்கு குகை மழைத்தண்ணி பிடிக்க தொட்டி வெட்டி வச்சிருக்காங்க, மழை பெய்யறப்போதான் அந்த வாய்க்கால்ல தண்ணி ஓடி தொட்டிக்கு போறது கண்ணால தெரியும். போரிவலியில இறங்கி பார்க் கேட்ல இருந்து உள்ள பஸ் இருக்கு. வழுக்காத செருப்பு போட்டு விடுங்க.

சாப்பாட்டுக்கு மாட்டுங்கா இருக்க கவலையே வேண்டாம். ஸ்டேஷனுக்கு பக்கத்துலயே ராமா நாயக் உடுப்பி, 1942ல தொடங்கினது, வாழை இலையில சாப்பாடு. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸ், அங்க ரச வடை சாப்பிடுங்க, ஞாயிறு காலையில மட்டும் போகாதீங்க, வாசல்ல கூட்டம் நிக்கும். உடுப்பிக்காரங்க சாம்பார்ல லேசா வெல்லம் தட்டும், பிள்ளைங்களுக்கு முதல்லயே சொல்லிடுங்க.

திரும்பற ட்ரெயின் டிக்கெட்ல எல்டிடின்னு போட்டிருக்கு. குர்லா ஸ்டேஷன்ல போய் ஏறணும், சரிதானே?
- வாசகர், விழுப்புரம்

இல்லைங்க ஐயா, நல்லவேளை கேட்டீங்க. எல்டிடின்னா லோக்மான்ய திலக் டெர்மினஸ், குர்லா டெர்மினஸ்னும் சொல்வாங்க, ஆனா குர்லா லோக்கல் ஸ்டேஷன் வேற. பெட்டி படுக்கையோட குர்லாவுல இறங்கினா அங்கிருந்து ஆட்டோ பிடிச்சுதான் போகணும். சிஎஸ்எம்டியில இருந்து ஹார்பர் லைன்ல பன்வேல் இல்ல வாஷி போற வண்டியில ஏறி, குர்லாவுக்கு அடுத்த ஸ்டேஷன் திலக் நகர்ல இறங்குங்க, அங்கிருந்து டெர்மினஸ் நடக்கற தூரம். சாயங்கால வண்டின்னா கூட்டத்துக்கு முன்னாடி, 4 மணிக்கே கிளம்பிடுங்க.