டீச்சர் பதில்கள்: எந்தப் பாலம் வழியாக ஓடுவது?

(குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில், கேரள எல்லையை ஒட்டிய பள்ளியில் 28 வருடம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர் நம் டீச்சர். இந்த இதழில் சுனாமி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

*டீச்சர், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு கேரளா. போனில் மலையாளத்தில் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை வந்ததும் அம்மா சுனாமி என்று பயந்து துணிமணியைக் கட்டத் தொடங்கிவிட்டார். இரண்டும் ஒன்றுதானா?*
– கல்லூரி மாணவி, நீரோடி

இல்லை மக்களே. கள்ளக்கடல் நம் கரையில் காற்றும் மழையும் இல்லாமல், வானம் தெளிந்திருக்கும்போதே கள்ளனைப் போல் ஏறி வரும் கடல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்காற்று எழுப்பும் அலைகள் சில நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. இது கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர். யுனெஸ்கோவும் 2012ல் இதையே ஏற்றுக்கொண்டது.

கள்ளக்கடல் வருவதை முன்கூட்டியே கணித்துவிடலாம். வள்ளத்தை மேலே இழுத்துப் போட நேரம் கிடைக்கும். கடலில் கால் நனைக்கக்கூட இறங்கக் கூடாது. 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இப்படித்தான் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுனாமி வேறு. கடலுக்கு அடியில் தரையே தூக்கிக்கொள்ளும்போது அதன்மேல் நிற்கும் தண்ணீர் மொத்தமும் நகர்கிறது. அப்போது வள்ளத்தை இழுக்க யாரும் கரையில் நிற்கக் கூடாது. இரண்டு மாநிலங்களுக்கும் கடல் தகவலைக் கொடுப்பது ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிலையம்தான். அதனால் செய்தி மலையாளத்தில் வந்தாலும் தமிழில் வந்தாலும் அது உங்களுக்கும் சேர்த்துத்தான். அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, எந்த எச்சரிக்கை என்று முதலில் பாருங்கள்.

*சுமத்ரா கிழக்கே இருக்கிறது. நாமோ மேற்குக் கரை. 2004ல் இங்கே எப்படி வந்தது? இனி வந்தால் ஓட நேரம் இருக்குமா?*
– மீன் வியாபாரி, குளச்சல்

அலை நேர்கோட்டில் மட்டும் போவதில்லை அண்ணாச்சி. இலங்கையையும் குமரிமுனையையும் சுற்றி வளைந்து வந்தது. குளச்சலையும் கொட்டில்பாட்டையும் அடித்து, மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்துவிட்டு, கேரளத்தில் ஆலப்பாடு வரை உயிர்களைக் கொண்டுபோனது. கிழக்கே சுமத்ரா, வடமேற்கே பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கடல் என்று நமக்கு இரண்டு திசையிலும் ஆபத்து உண்டு. மக்ரானில் 1945 நவம்பரில் வந்த சுனாமி மும்பை வரை எட்டியது.

இரண்டுமே தூரம் என்பதால் நேரம் கிடைக்கும். 2004ல் சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. ஆழ்கடலில் விமான வேகத்தில் வந்தும், நம் கரையைத் தொட மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆனது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. இன்காய்ஸின் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியதே 2007 அக்டோபரில்தான். இன்று கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தால் பத்து நிமிடத்துக்குள் முதல் அறிக்கை வருகிறது. நம் காலடியில் அதிர்ச்சி தெரியாமலே சுனாமி வரலாம் என்பதால் இந்த அறிக்கைதான் நமக்குக் காவல். இன்னொன்று, கடலே காட்டும் அடையாளம். தண்ணீர் திடீரென உள்வாங்கினாலும், வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் கிளம்ப வேண்டும்.

எங்கே கிளம்புவது? இதைத்தான் நான் எல்லோரிடமும் கேட்கிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நான் குளச்சலில் தங்கை வீட்டில் இருந்தேன். கடலுக்கும் மேட்டுக்கும் நடுவே ஏ.வி.எம். கால்வாய். கடலைப் பார்த்து ஓடி வந்தவர்களில் பலரை அந்தக் கால்வாய் மறித்துவிட்டது. பாலம் எந்தப் பக்கம் என்று பதற்றத்தில் யாருக்குத் தோன்றும்? நாங்கள் பிழைத்தது, தங்கையின் மகன் தினமும் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பாலத்துக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனதால்.

தங்கையின் மாமியாரும் எங்களோடு பாலம் தாண்டிவிட்டார். முதல் அலை வடிந்ததும், “பெட்டியில சங்கிலி இருக்கு, எடுத்திட்டு வாறேன்” என்று திரும்பிப் போனார். அடுத்த அலை இன்னும் பெரிதாக வந்தது. சுனாமி ஒரே அலையோடு நிற்காது. இடைவெளி பத்து நிமிடமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். கடல் அமைதியாகக் கிடக்கிறதே என்று நம்பக் கூடாது. திரும்பலாம் என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 1077க்குப் போன் செய்யுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாசலிலிருந்து பாலம் தாண்டி மேட்டு நிலம் வரை பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து வைத்து எனக்கும் எழுதுங்கள்.

*என் வீட்டுக்காரர் தங்கல் படகில் போகிறவர். சுனாமி என்று தெரிந்தால் உடனே கரைக்கு வரச் சொல்லலாமா?*
– தூத்தூர் வாசகி

வேண்டாம். 2017 ஓக்கிப் புயலில் ஆட்களை இழந்த ஊர் உங்களுடையது, அதனால் உங்கள் பதற்றம் புரிகிறது. புயல் என்றால் கரைக்குத் திரும்ப வேண்டும். சுனாமிக்கு நேர்மாறு. ஆழ்கடலில் அந்த அலை ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது, படகில் இருப்பவருக்குத் தெரியாமலே கடந்துவிடும். கரை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் எழும்பும். நூறு பாகம், அதாவது 180 மீட்டருக்கு மேல் ஆழம் உள்ள இடத்தில் அவர் நிற்கட்டும். ஒயர்லெஸில் தகவல் வரும்வரை துறைமுகத்துக்குள் நுழைய வேண்டாம். ஆனால் படகு கரையில் கட்டிக் கிடந்தால் அதைக் காப்பாற்ற ஒருவரும் போகக் கூடாது.

*2012 ஏப்ரலில் ஓடச் சொன்னார்கள், ஓடினோம். ஒன்றும் வரவில்லை. இனி யார் நம்புவார்?*
– வள்ளவிளை இளைஞர்

ஏப்ரல் 11. நானும் அன்று பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். அந்த நிலநடுக்கம் 8.6 அளவு. ஆனால் கடல்தரை மேலே எழாமல் பக்கவாட்டில் நகர்ந்தது, அதனால் பெரிய அலை எழும்பவில்லை. முதல் பத்து நிமிடத்தில் அது யாருக்குத் தெரியும்? அன்று ஓடியது சரிதான் தம்பி. அறிவிப்பிலும் தரம் உண்டு. ‘வார்னிங்’ என்றால் ஊரைவிட்டு மேட்டுக்குப் போக வேண்டும். ‘அலர்ட்’ என்றால் கடற்கரையை விட்டு விலக வேண்டும். ‘வாட்ச்’ என்றால் வீட்டில் இருந்தபடி அடுத்த செய்தியைக் கவனித்தால் போதும்.

*அம்மா படுத்த படுக்கை. நானும் அவரும்தான் வீட்டில்.*
– இரையுமன்துறை வாசகி

உங்களுக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. அலை நம் குழித்துறைத் தாமிரபரணிக்குள்ளும் ஏறும், அதனால் ஆற்றங்கரைப் பாதை வேண்டாம். பக்கத்து வீட்டு இளைஞர்கள் இரண்டு பேரிடம் இப்போதே பேசி வையுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் யார் வருவார் என்று மூன்றாவது ஆளையும் பாருங்கள். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அம்மாவின் கட்டிலுக்கு அருகிலேயே போடுங்கள், அதில் உட்காரவைத்துத் தூக்கிவிடலாம். மருந்தும் ஆதார் அட்டையும் ஒரு பையில் போட்டு அந்த நாற்காலியிலேயே மாட்டுங்கள். உங்கள் பங்குத்தந்தையிடமும் சொல்லி வையுங்கள். கோயில் மணி அடித்ததும் முதலில் உங்கள் வீட்டுக்கு ஆள் வர வேண்டும்.