நிரம்பி வழிந்த கியர் ஆயில்

கேள்வி: சொந்தமாக ஒரு பொக்லைன் வைத்து, வேலை எடுத்துச் செய்கிறேன். இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மணிக்கணக்குப்படி தவறாமல் மாற்றிவிடுவேன். போன மாதம், ட்ராக்கைச் சுழற்றும் ஃபைனல் டிரைவ் இடது பக்கத்தில் உடைந்து, வண்டி வேலையிடத்திலேயே நின்றுவிட்டது. பிரித்தபோது உள்ளே கியர்கள் பல்லிழந்து கிடந்தன. இத்தனைக்கும் சில வாரங்களுக்கு முன்புதான் அதன் ஆயில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். ஆயில் குறையவே இல்லை. நிரம்பி வெளியே கொட்டியது. பிறகு ஏன் உடைந்தது? வலது பக்கத்தையாவது காப்பாற்ற நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஆயில் நிரம்பிக் கொட்டியது நல்ல அறிகுறி என்று நினைத்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அதுதான் முதல் எச்சரிக்கை. ஃபைனல் டிரைவில் ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். கூடியிருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. ஊற்றாத ஆயில் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

ஃபைனல் டிரைவ் வெளியே பார்க்க ஒரே உருண்டையாக இருந்தாலும் உள்ளே இரண்டு வீடுகள். ஒன்றில் ஹைட்ராலிக் மோட்டார். அதில் ஓடுவது ஹைட்ராலிக் ஆயில். அடுத்ததில் மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, இழுவையைப் பெருக்கும் பிளானட்டரி கியர்கள். அவை கெட்டியான கியர் ஆயிலில் மூழ்கி ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஷாஃப்டைச் சுற்றிய ஒரு சீல் மட்டும்தான். மோட்டாருக்குள் எப்போதும் கொஞ்சம் ஆயில் கசியும், அது இயல்பு. அந்தக் கசிவு, கேஸ் டிரெயின் என்ற மெல்லிய ஹோஸ் வழியாக, அதிக அழுத்தமில்லாமல் டேங்குக்குத் திரும்பும். பல இயந்திரங்களில் அந்த வழியில் ஒரு சிறிய ஃபில்டர் உண்டு. அது அடைத்துக்கொண்டால் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. மோட்டார் கூட்டுக்குள் அழுத்தம் ஏறும், சீல் பிய்யும், ஹைட்ராலிக் ஆயில் கியர் பக்கம் புகுந்துவிடும்.

அப்போது பிளக்கைத் திறந்தால் ஆயில் கொட்டத்தான் செய்யும். ஆனால் அது நீர்த்த ஆயில். அத்தனை பாரத்தைத் தாங்கும் கியர் பற்களுக்கு நடுவே நிற்கிற கனம் அதற்கு இல்லை. உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறும், பேரிங் தேயும், பிறகு பல் உடையும். அழுத்தம் இன்னும் ஏறினால் வெளிப்பக்க சீலும் போய்விடும். இயந்திரத்தை நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பிளக் சரியான இடத்தில் நிற்காதபோது திறந்தாலும் ஆயில் கொட்டும். ஆனால் மற்ற பராமரிப்பில் இவ்வளவு கவனமாக இருக்கும் உங்களுக்கு இப்படி நடந்திருப்பதால், என் முதல் சந்தேகம் கேஸ் டிரெயின் ஃபில்டர் மீதுதான். ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் இதுவும் சேர்ந்திருக்கிறதா? பெரும்பாலானோர் கணக்கில் இருப்பதில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இயந்திரத்தை விற்றுவிடுகிறவர்களும் உண்டு. உங்கள் மாடலில் அது எங்கே இருக்கிறது என்று கையேட்டிலோ உதிரிபாகப் படத்திலோ தேடிப் பாருங்கள். கழுவி மறுபடி மாட்டுவதை நான் ஏற்பதில்லை, புதிதாகப் போடுங்கள். கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். உள்ளே பித்தளை நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ துணுக்குகள் இருந்தால் மோட்டார் தேய்கிறது என்று பொருள்.

இனி வலது பக்கம். நாளைக்கே கியர் ஆயிலைப் பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு பிளக் கடிகாரத்தின் 6 மணி நிலைக்கு வரும்வரை ட்ராக்கை மெதுவாக நகர்த்துங்கள். அதுதான் வடிக்கும் பிளக். 3 அல்லது 9 மணி நிலையில் வருவது அளவு பார்க்கும் பிளக். சில மாடல்களில் இடம் மாறும் என்பதால் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலை முடிந்த சூட்டில் திறக்கவே கூடாது. ஆறிய பிறகும் முகத்தை நேரே காட்டாமல், ஒதுங்கி நின்று, பிளக்கை மெல்லத் தளர்த்தி உள்ளழுத்தம் வெளியேறக் காத்திருங்கள். கொதிக்கும் ஆயில் பீய்ச்சியடித்தால் கண்ணே போய்விடும்.

ஆயில் துளையின் கீழ் விளிம்பை ஒட்டி நின்றால் அளவு சரி. பிறகு கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வழவழப்புக் குறைந்து மெலிந்திருந்தால் ஹைட்ராலிக் ஆயில் கலந்திருக்கக்கூடும். பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழம்பு கொஞ்சம் ஒட்டியிருப்பது இயல்பு. செதில் செதிலாகவோ, நகத்தால் எடுக்கும் அளவுக்குத் துண்டாகவோ இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒரு வேலையை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். சீலும் பேரிங்கும் மாற்றிச் சரிசெய்யக்கூடிய கட்டம் அதோடு போய்விடும்.

பொதுவாக 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு பார்ப்பதும், 1,000 மணி நேரத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை மாற்றுவதும் நல்ல வழக்கம். கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஆயில் ரகத்திலும் அப்படித்தான். கடையில் இருந்ததை ஊற்றிவிடாதீர்கள்.

ட்ராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை ஒட்டி ஆயில் கசிந்து மண்ணோடு சேர்ந்து கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே சுழலும் பகுதிக்கும் சுழலாத பகுதிக்கும் நடுவே இரண்டு உலோக வளையங்கள் முகத்தோடு முகம் அழுந்தி நிற்கின்றன. அவற்றைப் பின்னாலிருந்து தாங்குவது ரப்பர் வளையங்கள். களிமண் உள்ளே இறுகிக் காய்ந்தால் அந்த வளையங்கள் விலகும். கம்பியோ பிளாஸ்டிக் கயிறோ சுற்றிக்கொண்டால் சீக்கிரமே அறுத்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே, அன்றன்றைக்கே சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். அதிவேகத் தண்ணீரை நேராக அந்த இடுக்கில் பாய்ச்ச வேண்டாம். கசிகிறது என்று தெரிந்த பிறகு ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டுவது பராமரிப்பாகாது. ஆயில் வெளியே வரும் வழியில்தான் மண்ணும் உள்ளே போகிறது.

ட்ராக் அளவுக்கு மீறி இறுகியிருந்தாலும் ஃபைனல் டிரைவ் பேரிங் மீது கூடுதல் சுமை விழும். ட்ராக்கை இறுக்கி வைத்திருப்பது உள்ளே அடைத்த கிரீஸ்தான்; தளர்த்தும்போது அதன் வால்வை முழுவதுமாகக் கழற்றிவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் அழுத்தம் ஆளையே கொல்லக்கூடியது. நெடுந்தூரம் ட்ராக்கிலேயே ஓட்டிப்போக வேண்டியிருந்தால் நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள். இரண்டு பக்கத்தில் ஒன்று மட்டும் அதிகம் சுடுகிறதா, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்பதை ஆபரேட்டர்தான் முதலில் உணர்வார். அவர் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

கடைசியாக, இடது பக்கத்துக்குப் புதியது மாட்டும்போது ஒரு கவனம். உடைந்தபோது மோட்டாரும் சேதமாகியிருந்தால் அதன் துகள்கள் கேஸ் டிரெயின் வழியாக டேங்க் வரை போயிருக்கும். ஹோஸ்களையும் டேங்கையும் சுத்தம் செய்து, எல்லா ஃபில்டர்களையும் மாற்றிய பிறகே புதியதை இணைக்கச் சொல்லுங்கள். புதிய ஃபைனல் டிரைவ் பெரும்பாலும் கியர் ஆயில் இல்லாமல்தான் வரும். அதை அளவாக ஊற்றி, மோட்டார் கூட்டிலும் சுத்தமான ஹைட்ராலிக் ஆயிலை நிரப்பிவிட்டு, முதலில் மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.