ஓடும்போதே நிற்கும் வண்டி: ஆர்பிஎம் முள் அசைந்ததா என்று பார்த்தீர்களா?

கேள்வி: எங்கள் ஏழு இருக்கை டீசல் எஸ்யூவிக்கு ஐந்து வயது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. சர்வீஸ் சென்டரில் கோளாறே இல்லை, ஓட்டும் முறையில்தான் தவறு என்கிறார்கள். இன்ஜின் போய்விட்டதா? விற்றுவிடலாமா?

பதில்:

மற்றதெல்லாம் இருக்கட்டும். "ஓட்டும் முறையில்தான் தவறு" என்று சொன்னார்கள் பாருங்கள், அதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் தூங்கப் போக முடியவில்லை. இதே வார்த்தையை என்னிடமும் சொன்னார்கள். சொன்ன சர்வீஸ் சென்டர் பையனுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். என் அப்பா முப்பத்தொரு வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். நான் பதினான்கு வயதிலேயே கிளீனர் பக்கம் உட்கார்ந்து நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை போய் வந்தவன். எனக்கு மலையில் கிளட்ச் மிதிக்கத் தெரியாதாம்.

விற்க வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இன்ஜின் போயிருக்காது. நான் மெக்கானிக் இல்லை, கோழித்தீவன நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்க வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள். வண்டியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதே வண்டி வைத்திருக்கும் பத்துப் பேர் "என்னுடையது இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஒரு குறையும் இல்லை" என்று வருவார்கள். ஓடட்டும், சந்தோஷம்.

என்னுடையது 2018-இல் வாங்கியது, பிஎஸ்4 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல். முதல் முறை ராசிபுரம் தாண்டி சேலம் போகும் வழியில் நின்றது. இருமவில்லை, குலுங்கவில்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் அணைந்தது. ஓரங்கட்டி இருபது நிமிடம் நின்றேன். பிறகு செல்ஃப் அடித்தேன், பிடித்துக்கொண்டது. சர்வீஸ் சென்டரில் கேட்ட முதல் கேள்வி, "எந்த பங்க்கில் டீசல் போட்டீர்கள்?" டீசல் ஃபில்டரை மாற்றி 3,640 ரூபாய் வாங்கினார்கள். மூன்று வாரத்தில் மறுபடியும் நின்றது. இந்த முறை புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வால்வைக் கழற்றிக் கரி சுரண்டினார்கள், இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள். 17,800. பில்லைக் கொடுத்த கையோடு, "கம்பெனியிலிருந்து போன் வரும் சார், பத்துக்குப் பத்து என்று சொல்லிவிடுங்கள், ஒன்பது சொன்னால்கூட எங்களுக்குச் சம்பளத்தில் கை வைப்பார்கள்" என்றார்கள். நானும் பத்து சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே கோபம் வருகிறது.

அந்தப் பத்து மதிப்பெண் வண்டியில்தான் 2023 ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குக் கிளம்பினோம். அறப்பளீசுவரர் கோயிலுக்கு வேண்டுதல். என் மனைவி, மாமனார், அம்மா, இரண்டு பிள்ளைகள், மனைவியின் தம்பி. ஏழு இருக்கையும் நிறைந்துவிட்டது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறியவர்களுக்குத் தெரியும், முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில்தான் பிழைப்பு. 43 என்று எழுதிய பலகையைப் பார்த்து ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருக்கிறேன், அணைந்துவிட்டது.

கார் ஓட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. இன்ஜின் நின்றால் பிரேக் போய்விடாது. ஆனால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட பூஸ்டரில் மீதி இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் பதற்றத்தில் இரண்டு முறை விட்டு மிதித்துவிட்டேன். மூன்றாவது முறை கால் முழு பலத்தையும் கேட்டது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. ஏழு பேரோடு வண்டி ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. ஹேண்ட் பிரேக்கைத் தூக்கி, முதல் கியரில் போட்டு நிறுத்தியபோது வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. அம்மா மட்டும் முருகா முருகா என்றுகொண்டிருந்தார்.

பின்னால் வந்த கார்கள் ஹார்ன் அடித்தன. ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். மலைப்பாதையில் இரண்டு வண்டி போக இடமில்லாவிட்டால் இறங்கும் வண்டிதான் நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். சாலை விதியிலேயே இருக்கிறது. அன்றைக்கு மேலேயிருந்து வந்தவர்கள் ஒருவரும் நிற்கவில்லை. நின்றது, மரவள்ளிக்கிழங்கு ஏற்றக் காலியாக மேலே போய்க்கொண்டிருந்த ஒரு லாரி. கிளீனர் குதித்து இறங்கி எங்கள் பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தான். டிரைவர் துண்டை உதறிக்கொண்டு வளைவில் நின்று வண்டிகளைத் திருப்பிவிட்டார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். லாரி டிரைவர் என்றால் குடிப்பான், தறிகெட்டு ஓட்டுவான் என்று பேசுகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். லாரியால் பிழைக்கும் ஊர் இது. ஆனால் டிரைவருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், வாடகைக்கு வீடு கொடுக்க யோசிப்பார்கள். பிறகு "டிரைவர் கிடைப்பதில்லை" என்று லாரி முதலாளிகள் புலம்புகிறார்கள். எங்கிருந்து கிடைப்பார்கள்? என் அப்பா என்னை ஸ்டியரிங் பக்கம் வரவிடாமல் பி.காம். படிக்க வைத்ததற்குக் காரணமே அதுதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் நான்கைந்து முறை செல்ஃப் அடித்தேன். இன்ஜின் நன்றாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன், பன்னிரண்டு வயது, "அப்பா, முள் அசையவே இல்லை" என்றான். "சும்மா இருடா" என்று அதட்டினேன். மச்சான் இதுதான் சமயம் என்று, "நான் அப்போதே வேறு வண்டி வாங்கச் சொன்னேன்" என்று ஆரம்பித்தார். பிறகு தானாகப் பிடித்தது. கோயிலுக்குப் போய்விட்டு மெதுவாக இறங்கினோம். மாமனார் மட்டும் இறங்கும்போது பஸ்ஸில் வந்தார். "தப்பாக நினைக்காதீர்கள் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். நினைக்காமல் எப்படி?

மூன்றாவது முறையாக சர்வீஸ் சென்டர். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், ஃபால்ட் கோட் எதுவும் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு, ஒரே ஆள், சமதரையில். எப்படி நிற்கும்? அப்போதுதான் அந்தப் பையன் ஹாஃப் கிளட்ச் பாடம் எடுத்தான். "வேண்டுமானால் ஹை பிரஷர் பம்ப்பை மாற்றிப் பார்க்கலாம் சார், 68,000 ஆகும்." மாற்றிப் பார்க்கலாமாம். என் காசில்.

அப்பாவோடு பழகிய மெக்கானிக் ஒருவர் சேலம் சாலையில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். கார் வேலை எடுக்க மாட்டார். அப்பாவுக்காக நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி: "இருமி நின்றதா, அணைந்து நின்றதா?" டீசல் வராமல் நிற்கும் வண்டி இழுக்கும், திணறும், பிறகு நிற்கும். கரண்ட் அறுந்து நிற்கும் வண்டி பட்டென்று அணையும். இரண்டாவது கேள்வி: "செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் எழுந்ததா?" இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் முள் அது. நான் விழித்தேன். மகன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து, "இல்லை தாத்தா, பூஜ்யத்திலேயே கிடந்தது" என்றான்.

கிராங்க் சென்சார். பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் சாஃப்ட் என்ற தண்டு எந்த நிலையில், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டைவிரல் அளவு சாமான். அதன் சொல்லை வைத்துத்தான் எந்த நொடியில் டீசலைப் பீய்ச்ச வேண்டும் என்று அந்தக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சிக்னல் போனால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இன்ஜின் சுற்றவில்லை, டீசலை நிறுத்திவிடும். பல வண்டிகளில் ஆர்பிஎம் முள்ளும் இதே சிக்னலில்தான் ஓடுகிறது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் வயதாகி எங்கோ விட்டிருந்தால், சூட்டில் விலகும், ஆறினால் சேரும். மலையேற்றத்தில் இன்ஜின் சூடு, ஏழு பேர் பாரம். நிற்காமல் என்ன செய்யும்?

அவர் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு கம்பி வகை. மல்டிமீட்டரில் மின்தடை 900 ஓம் சொச்சம் காட்டியது. "வீட்டில் தலை காயவைக்கும் மெஷின் இருக்கிறதா?" என்றார். மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து வந்தேன். சூடு பட்டதும் எண் மெல்ல ஏறியது. அது இயல்பு. ஆயிரத்து நூற்றைத் தாண்டியது, ஒரு துள்ளு துள்ளியது, கம்பி அறுந்ததுபோல் மீட்டர் காலியாகிவிட்டது. ஈரத்துணியால் பிடித்தார். எண் திரும்பி வந்தது. மறுபடி சூடு, மறுபடி காலி. மகன் கைதட்டினான். புது சென்சார் 1,460, கூலி 300. அதற்குப் பிறகு கொல்லிமலைக்கே நான்கு முறை போய்விட்டு வந்தாயிற்று.

உடனே கடைக்கு ஓடி கிராங்க் சென்சார் வாங்கிவிடாதீர்கள். உங்கள் வண்டியில் இதுவேதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது, திடீரென்று அணைகிறது என்றால் முதல் சந்தேகம் அதன்மேல். நீங்கள் சொன்ன அரை மணி நேரக் கணக்கைப் பார்த்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் பிடிக்கத் திணறினால் டீசல் லைனில் காற்று இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிராஃபிக் சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைந்து, கறுப்புப் புகையும் வந்தால் ஈஜிஆர் வால்வு. புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டியாக இருந்து, பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஆனால் அது விளக்கெரிந்து முன்கூட்டியே புலம்பும், இப்படிச் சொல்லாமல் நிற்காது. மூன்று கம்பி வகை சென்சாராக இருந்தால் ஓம் பார்க்கும் வேலை செல்லாது, அதற்கு வேறு கருவி வேண்டும்.

ஒன்றே ஒன்றுக்குப் பயப்படுங்கள். நிற்பதற்கு முன் இன்ஜினில் தட்டுகிற சத்தம் கேட்டாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள், டோ செய்யுங்கள். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்களில் தீட்டா-2 என்ற பெட்ரோல் இன்ஜின் இப்படித்தான் ஓட்டத்தில் நின்றது. கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்து போகும் உண்மையான இன்ஜின் கோளாறு. 2015-இல் செடான்களில் தொடங்கிய திரும்ப அழைப்பு (ரீகால்) 2017-இல் சாண்டா ஃபே ஸ்போர்ட், சொரெண்டோ போன்ற எஸ்யூவிகளுக்கும் விரிந்தது. ஹூண்டாய் நிறுவனத்தின் கொரியப் பொறியாளர் ஒருவரே உள்ளே நடந்ததை அமெரிக்க அரசிடம் சொன்னார். 2021-இல் அவருக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தார்கள். என் வண்டி அந்த நிறுவனத்துடையது என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓட்டத்தில் நின்றது என்று சொன்னால் அங்கே எழுதி வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். நம் ஊரிலும் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க வைக்கும் அதிகாரம் அரசுக்கு வந்திருக்கிறது, 2021 ஏப்ரலிலிருந்து விதிகள் நடப்பில் இருக்கின்றன.

அதனால் நீங்களும் எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஏற்றமா சமதரையா, எவ்வளவு நேரத்தில் பிடித்தது என்று ஒரு நோட்டில். சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லாமல், "ஓட்டத்தில் இன்ஜின் அணைகிறது" என்ற அதே வார்த்தையை ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டில், எழுதச் சொல்லுங்கள். என் முதல் ஜாப் கார்டில் "பொதுச் சோதனை" என்று இருந்தது, நான் கையெழுத்தும் போட்டிருந்தேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 10 முதல் 20 லட்சம் விலை கொடுத்த வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். "அப்படியானால் நீ ஏன் போகவில்லை?" என்று கேட்பீர்கள். அந்தக் கையெழுத்தால்தான். பழைய சென்சாரையும் மூன்று பில்லையும் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஈஜிஆர் வேலைக்கு வாங்கிய கூலியில் 6,000 திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் போன் வந்தது, திருப்தியா சார், பத்துக்கு எவ்வளவு என்று. "இரண்டு" என்றேன். அந்தப் பெண் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காரணம் சொல்ல முடியுமா சார்?" என்றார். சொன்னேன், பதினேழு நிமிடம்.

அடுத்த முறை நின்றால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகள் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததைக் கீழே எழுதினால் பட்டறையில் கேட்டுச் சொல்கிறேன். ஞாயிறு மட்டும் கேட்க முடியாது, அன்றைக்கு அவர் போன் எடுக்க மாட்டார்.