பெல்லாவில் ஒட்ட முடியுமா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பெல்லா என்ற சிற்றூரில் வேலை கிடைத்திருக்கிறது, ஊர் முழுக்க டச்சு வம்சாவளியினராமே, நாம் அங்கே ஒட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. தாராளமாக ஒட்டலாம். அந்த ஊர் உருவான கதையை மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள். அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

1847இல் ஹென்ட்ரிக் ஸ்கோல்ட்டே என்ற போதகர் சுமார் 800 பேரை நெதர்லாந்திலிருந்து அழைத்துவந்தார். அரசு ஆதரித்த திருச்சபையிலிருந்து பிரிந்ததற்காக அபராதமும் சிறையும் கண்டவர்கள் அவர்கள். போதாக்குறைக்கு உருளைக்கிழங்கு விளைச்சலையும் நோய் தாக்கியிருந்தது. கப்பலில் பால்டிமோர், அங்கிருந்து செயின்ட் லூயிஸ், பிறகு இந்தப் புல்வெளி. நிலம் வாங்கியாகிவிட்டது, வீடுதான் இல்லை. பலர் மண்ணைத் தோண்டி, மேலே புல்லால் கூரை போட்டு அதற்குள் குடியிருந்தார்கள். அந்தக் குடியிருப்புக்கு 'வைக்கோல் நகரம்' என்றே பெயர்.

ஸ்கோல்ட்டேயின் மனைவி மரியா ஆசையாகக் கொண்டுவந்த, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் பீங்கான் பாத்திரங்கள் வழியிலேயே நொறுங்கிப்போயினவாம். அந்தச் சில்லுகளைப் பதித்துத் தோட்டத்தில் நடைபாதை போட்டார் என்று சொல்கிறார்கள். அவர்களுடைய வீடு இன்று அருங்காட்சியகம். இந்த ஊரில் என் மனைவிக்கு முதலில் பிடித்துப்போனவர் அந்த அம்மாள்தான்.

ஆனால் இது ஆளில்லாமல் கிடந்த நிலம் அல்ல. சாக், மெஸ்குவாக்கி என்ற பூர்வகுடி மக்கள் அமெரிக்க அரசுடன் செய்த 1842 ஒப்பந்தத்தில் இதை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1845க்குள் அயோவாவை விட்டே வெளியேற வேண்டும் என்பது நிபந்தனை. டச்சுக்காரர்கள் வந்தது அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து. இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1857இல் மெஸ்குவாக்கிகள் அயோவாவிலேயே டாமா மாவட்டத்தில் சொந்தப் பணத்தில் 80 ஏக்கர் வாங்கினார்கள். இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ஸ்கோல்ட்டேயின் பயணத்தைவிட அந்த நெஞ்சுரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மற்றபடி, ஞாயிற்றுக்கிழமை ஊர் அடங்கியிருக்கும். தேவாலயத்துக்கு அழைப்பார்கள். விருப்பமில்லை என்றால் பணிவாகச் சொல்லுங்கள், மனம் கோணமாட்டார்கள். பருப்பு, புளிக்கு மாநிலத் தலைநகர் டி மொயின் போக வேண்டும், காரில் ஒரு மணி நேரம். பேக்கரியில் எஸ் எழுத்து வடிவில், உள்ளே பாதாம் விழுது வைத்த ஒரு பண்டம் விற்பார்கள், சூடாக வாங்குங்கள். வீடு பார்க்க வருவதாக இருந்தால் மே முதல் வாரம் வேண்டாம். அது டூலிப் திருவிழா நேரம், தங்க அறை கிடைப்பதே கடினம்.