பக்கத்தில் நின்றவர்கள்

அன்புள்ள ஐயா,

லண்டன் இல்ஃபோர்டில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். மகள் கட்டியிருப்பது ஆங்கிலேயப் பையனை. குடும்பப் பெயர் பேர்ட். "நாங்கள் ஹியூகனாட் வம்சம், அதாவது பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்கள், மதத்துக்காக பிரான்ஸை விட்டு வந்த பிரபுக்கள், அப்போது எங்கள் பெயர் லுவாஸோ" என்று சம்பந்தியம்மா சொல்கிறார். பிரெஞ்சில் அதற்கும் பறவை என்றுதான் அர்த்தமாம். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் வம்சாவளி எழுதிவரச் சொன்னார்கள். அதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டில் தேடினேன். வில்லியம் பிளேக் கிடைத்தார், டேனியல் டீஃபோ கிடைத்தார், லுவாஸோ கிடைக்கவில்லை. எங்கே தேடுவது? டிஎன்ஏ சோதனைக்குப் பணம் கட்டலாமா? நமக்கு இப்படி ஒரு பதிவேடுகூட இல்லையே என்று ஏக்கமாகவும் இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டிஎன்ஏ உங்கள் காசு, உங்கள் எச்சில். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் "பிரபுக்கள்" என்ற சொல்லைப் படித்ததும் எரிச்சல் வந்தது. உலகத்தில் யாரைக் கேட்டாலும் தாத்தாவுக்குத் தாத்தா ஜமீன்தார்தான். 1685 அக்டோபரில் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்திருந்த நான்த் சாசனத்தை ரத்து செய்தபோது போதகர்களுக்கு இரண்டு வாரக் கெடு கொடுத்து வெளியேறச் சொன்னான். மற்றவர்கள் நாட்டை விட்டுப் போகவே கூடாது. பிடிபட்ட ஆண்களைத் துடுப்புக் கப்பலில் சங்கிலியால் பூட்டினார்கள். அதையும் மீறி இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர்கள் ஐம்பதாயிரம் பேர் வரை இருக்கும். அவர்களில் சீமான்களும் உண்டு. ஆனால் கிழக்கு லண்டன் ஸ்பிடல்ஃபீல்ட்ஸில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் பட்டு நெசவாளிகள், கூலிக்கு நெய்தவர்கள். அவர்களுக்காக அங்கே ஒரு கஞ்சித்தொட்டியே நடந்தது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் "லா சூப்". உங்கள் பேத்தியின் முன்னோர் அந்த வரிசையில் பாத்திரத்தோடு நின்றிருக்கலாம். அதைச் சொல்ல சம்பந்தியம்மாவுக்குக் கூச்சம் இருக்கலாம், உங்களுக்கு ஏன்?

இரண்டாவது, மூன்று ஞாயிறு வீணாய்ப் போனது உங்கள் தப்புதான். பன்ஹில் ஃபீல்ட்ஸ் ஆங்கிலேயத் திருச்சபையோடு ஒத்துப்போகாதவர்களின் இடுகாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஒத்துப்போகாதவர்கள்தானே, அங்கேதான் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். லண்டனில் பிரெஞ்சு சர்ச்சுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த இடுகாடு கிடையாது. ஞானஸ்நானமும் கல்யாணமும் பிரெஞ்சில் நடக்கும், செத்தால் அந்தந்த வட்டாரத்து ஆங்கிலேய சர்ச்சின் மண். அதனால் முதலில் ஸ்டெப்னி செயின்ட் டன்ஸ்டன், 1729க்குப் பிறகு ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் கிறைஸ்ட் சர்ச், அப்புறம் பெத்னல் கிரீன் செயின்ட் மேத்யூ என்று பாருங்கள். வாண்ட்ஸ்வொர்த்தில் மட்டும் மவுண்ட் நாட் என்ற அவர்களுடைய இடுகாடே இருக்கிறது. எங்கே போனாலும் கல்லைத் தேடாதீர்கள். கூலி நெசவாளிக்கு யார் கல் நட்டார்கள்?

கல் இருந்தாலும் நம்ப முடியாது. சென்னைக் கோட்டையில் செயின்ட் மேரீஸ் சர்ச்சைச் சுற்றித் தரையில் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. (அந்தக் கோட்டையில் வைர வியாபாரம் செய்த டேனியல் ஷார்தான் என்பவரும் ஹியூகனாட்தான்.) 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை பழைய இடுகாட்டுச் சமாதிகளுக்குப் பின்னால் பதுங்கியது. அதனால் பிற்பாடு சமாதிகளை இடித்துவிட்டு, கற்களை மட்டும் பெயர்த்து இங்கே கொண்டுவந்து போட்டார்கள். ஆட்கள் பழைய சட்டக் கல்லூரிப் பக்கம் கிடக்கிறார்கள், பெயர்கள் கோட்டைக்குள் கிடக்கின்றன.

எலும்பும் அப்படித்தான். 1984 முதல் 1986 வரை கிறைஸ்ட் சர்ச்சின் நிலவறையைக் காலி செய்தபோது ஏறத்தாழ ஆயிரம் உடல்கள் கிடைத்தன. பலவற்றின் பெட்டியில் பெயரும் வயதும் பொறித்த தகடு இருந்தது. தகட்டைப் பார்க்காமல் எலும்பை வைத்து வயது கணித்துப் பார்த்தார்கள். கிழவர்களை இளையவர்களாகவும் இளையவர்களை மூத்தவர்களாகவும் கணித்துவிட்டார்கள். ஜெயித்தது எழுத்து.

சரி, எழுத்துக்கு வருவோம். லண்டன் திரெட்நீடில் தெரு பிரெஞ்சு சர்ச் 1550ல் தொடங்கியது. 1600லிருந்து ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது. 1840ல் அரசாங்கத்திடம் ஒப்படைத்த மூலங்கள் இப்போது கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1885ல் தொடங்கிய ஹியூகனாட் சங்கம் பெரும்பாலானவற்றை அச்சாகவும் போட்டுவிட்டது. அங்கே போய் "லுவாஸோ எங்கே" என்று விரலை ஓட்டாதீர்கள். லுவாஸோக்கள் பேர்ட் ஆனது உண்மைதான், ஆனால் இங்கிலாந்தில் பரம்பரை பேர்ட்கள் எக்கச்சக்கம். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் யாரோ ஒருவருடைய தாத்தாவை வீட்டுக்குக் கூட்டி வருவீர்கள்.

பக்கத்தில் நின்றவர்களைப் பாருங்கள். குழந்தையின் பெயருக்குக் கீழே ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர் இருக்கும். பல சமயம் அப்பா பிரான்ஸில் எந்த ஊர் என்றும் இருக்கும். அம்மா தன் பிறந்த வீட்டுப் பெயரோடேயே இருப்பாள், பிரெஞ்சு வழக்கம் அது. அதே பெண்ணை ஆங்கிலேய சர்ச்சில் புதைக்கும்போது கணவன் பெயருக்குள் போய்விடுவாள், அதையும் அந்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். ஒரு குடும்பத்தின் நான்கு குழந்தைகளுக்கும் யார் யார் நின்றார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே ஊர்க்காரர்கள், மச்சான், பக்கத்துத் தறிக்காரர் என்று திரும்பத் திரும்ப வருவார்கள். லுவாஸோ பேர்ட் ஆன பிறகும் அந்த ஆட்கள் கூடவே வந்தால் அது உங்கள் பேர்ட். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

"நமக்குப் பதிவேடு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, இதற்குத்தான் நான் பதிலெழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டு மொய் நோட்டு எங்கே? என் அப்பத்தாவின் தாய்வீடு எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பெரியப்பா கல்யாணத்து மொய் நோட்டு பரணில் இருந்தது. முதல் நான்கு தாளைக் கரையான் தின்றிருந்தது, ஓரமெல்லாம் மஞ்சள் கறை. எல்லோரும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எழுதியிருந்த பக்கத்தில் ஒரே ஊரிலிருந்து மூன்று பேர் ஆளுக்குப் பதினோரு ரூபாய். ஒரு பெயருக்கு நேரே பென்சிலில் "அம்மான்". அந்த ஊருக்குப் போனேன். என் மூக்கோடு ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அத்தை கல்யாணத்து நோட்டும் ஒன்று இருந்ததாம். ஒரு போகிக்கு நாங்களே கொளுத்தியிருக்கிறோம். ஏக்கமாம்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். சம்பந்தியம்மாவிடம் சொல்ல இன்னொன்று இருக்கிறது. திரெட்நீடில் தெரு சர்ச்சில் வேறொரு வகைப் பதிவும் உண்டு. பிரான்ஸில் சிப்பாய்களை வீட்டுக்குள் குடிவைத்துக் கொடுமைப்படுத்தியதில் பயந்துபோய் கத்தோலிக்கராக மாறுவதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். லண்டன் வந்ததும் அவர்கள் சபைக்கு முன்னால் நின்று, கத்தோலிக்கப் பூசைக்குப் போனேன், தப்புதான் என்று ஒப்புக்கொண்ட பிறகே சேர்த்துக்கொண்டார்கள். அதைத் தேதி போட்டு எழுதிவைத்தார்கள். கடலைத் தாண்டி வந்தவன் இறங்கியதும் முதலில் செய்தது மன்னிப்புக் கேட்டது. லுவாஸோ அங்கே இருந்தால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

பேத்தியை ஸ்பிடல்ஃபீல்ட்ஸில் பிரிக் லேன் மசூதிக்கும் கூட்டிப் போங்கள். 1743ல் கட்டிய பிரெஞ்சு சர்ச் அது. 1898ல் யூதர்களின் ஜெபாலயமானது, 1976லிருந்து மசூதி. வெள்ளிக்கிழமை வேண்டாம், கூட்டமாக இருக்கும். மேலே பழைய சூரியக் கடிகாரம் இருக்கிறது, அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

பதிவேட்டுப் பக்கம் கிடைத்தால் எனக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். ஞானத்தாய் பெயர் வெட்டுப்படாமல் எடுங்கள்.