வாசகர் கேள்வி – பதில்: முதல் பழைய வாட்ச்

கேள்வி: சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. எழுபதுகளில் வந்த எச்.எம்.டி. ஜனதா என்று சொல்லி, ஒருவர் இணையத்தில் ஒரு வாட்ச்சின் படத்தை அனுப்பியிருக்கிறார். மயில்நீல டயலுடன் புத்தம் புதிதாக மின்னுகிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: ஜனதா வாங்குங்கள், அந்த ஜனதா வேண்டாம்.

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., ஜனதாவை ஏராளமாகத் தயாரித்து விற்றது. அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்துவிட்ட போதிலும், உதிரிபாகமும் அதைக் கையாளத் தெரிந்த கைகளும் இன்னும் கிடைப்பதால், முதல் வாட்ச்சாக வாங்க இதைவிட வசதியானது குறைவு. அதில் எழுதியிருக்கும் 17 ஜுவல்ஸ் என்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அவை சக்கரங்களின் அச்சுமுனைகள் தேயாமல் சுழல்வதற்காகப் பதித்த செயற்கை மாணிக்கக் கற்கள், நகைக்கடை மதிப்பு எதுவும் அவற்றுக்கு இல்லை.

சிக்கல் டயலில்தான் இருக்கிறது. ஜனதாவின் டயல் பெரும்பாலும் அடக்கமான வெள்ளை. ஐம்பது வருடம் மனிதர் கையில் இருந்த ஒரு பொருள் மயில்நீலத்தில் ஒரு புள்ளி கறைகூட இல்லாமல் இருந்தால், பழைய டயலைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாக வண்ணம் பூசி எழுத்தை அச்சடித்திருக்கிறார்கள் என்று கொள்வதே பாதுகாப்பு. இவற்றைச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று கேலியாகச் சொல்வார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: எழுத்தின் விளிம்பு மை ஊறியதுபோல் தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் சமமான இடைவெளியில் விழுந்திருக்காது, நிறுவனப் பெயர் 12க்கு நேர்கீழே இல்லாமல் கொஞ்சம் சரிந்திருக்கும். முள்களையும் பாருங்கள். நிமிட முள் ஓரத்துக் கோடுகளை எட்டாமல் குட்டையாக நின்றால் அது வேறொரு வாட்ச்சிலிருந்து வந்தது. லேசாக மஞ்சள் பூத்த அசல் டயலுக்கு, என்னைக் கேட்டால், கூடுதலாகவே விலை கொடுக்கலாம்.

படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பின்மூடியைத் திறந்து மிஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன் மதுரை டவுன்ஹால் ரோட்டிலோ மாசி வீதிகளிலோ பழைய மிஷின் தெரிந்த ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. நீங்களே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. சாவியைத் திருகும்போது கரகரப்பில்லாமல் ஏறி, ஒரு கட்டத்தில் இனி ஏறாது என்று கை உணர்ந்து நிற்க வேண்டும். பிறகு காதருகே வையுங்கள்: மணிக்கு 18,000 துடிப்புகள், அதாவது நொடிக்கு ஐந்து, ஒரே சீராகக் கேட்க வேண்டும். டயல் மேலே பார்த்திருக்கும்போதும் கவிழ்த்து வைக்கும்போதும் சத்தம் மாறினால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருந்தால் பின்மூடி மட்டுமே எஃகு. மேல்கூடு குரோமியம் பூசிய பித்தளையாக இருக்கலாம். எப்போது, யாரிடம் ஓவராயில் (மிஷினைக் கழற்றிக் கழுவி எண்ணெய் இடுவது) செய்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: தாத்தா கட்டியிருந்த சாவி வாட்ச் எனக்கு வந்தது. சரியாக ஓடிக்கொண்டிருந்தது, சென்ற மாதத்திலிருந்து நாளொன்றுக்கு இருபது நிமிடம் முந்திப் போகிறது. மிஷின் போய்விட்டதா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: போகவில்லை. திடீரென இவ்வளவு வேகம் எடுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தத்தை. ஒலிபெருக்கிக்கோ காந்த மூடி வைத்த கைப்பேசி உறைக்கோ பக்கத்தில் வைத்திருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். முடியைப் போல மெல்லிய மயிரிழைச் சுருள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது அதன் நீளம் குறைந்ததைப் போலாகி, வாட்ச்சின் வேகத்தைத் தீர்மானிக்கும் சமநிலைச் சக்கரம் அவசரமாக ஆடத் தொடங்கும். ஒரு திசைகாட்டியை அருகில் கொண்டுபோங்கள். ஊசி அசைந்தால் காரணம் அதுதான். காந்தம் நீக்கும் கருவி ரிப்பேர்க்காரரிடம் இருக்கும், சில நொடி வேலை. அதற்கும் அடங்காவிட்டால் எண்ணெய் சுருளில் பரவியிருக்கலாம். அப்போது மிஷினைக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும்.

கேள்வி: பின்மூடியில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று போட்டிருக்கும் பழைய வாட்ச்சைக் கட்டிக்கொண்டு குளிக்கலாமா?
— ஒரு வாசகர், மேலூர்

பதில்: கூடாது. அது தயாரித்த அன்றைக்கு உண்மை; உள்ளிருக்கும் ரப்பர் வளையம் இந்நேரம் இறுகி வெடித்திருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் மணிக்கட்டு வேர்வையே வாட்ச்சைக் கெடுக்கப் போதும் என்பதால், மாலையில் கழற்றியதும் பின்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.