துணிந்த முடிவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ரீச்சர்,

நான் களுவாஞ்சிகுடிப் பிள்ளை. இப்போது லண்டனில் வேலை. இந்த நாட்டு அரசியலைப் பார்க்கச் சலிப்பாக இருக்கிறது. 2022 இல் மட்டும் மூன்று பிரதமர்கள். அதில் லிஸ் ட்ரஸை 81,326 கட்சி உறுப்பினர்கள் வாக்களித்து முழு நாட்டுக்கும் பிரதமராக்கினார்கள். மக்களே நேரடியாக ஒரு ஜனாதிபதியைத் தெரிவு செய்தால் ஐந்து வருடம் அவர் துணிந்து முடிவெடுப்பார் அல்லவா? இலங்கையிலும் அந்த முறை சிறுபான்மைக்குப் பாதுகாப்பு, நம் வாக்கு இல்லாமல் எவரும் வெல்ல முடியாது என்று நம்மவர்கள் சொல்லி வந்தார்களே. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

த., லண்டன்

அன்புள்ள தம்பி,

பிரித்தானியாவுக்காக நான் இந்தப் பதிலை எழுதவில்லை. "துணிந்து முடிவெடுப்பார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக எழுதுகிறேன். இதே பேச்சைக் கொஞ்சக் காலமாக இங்கே கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படித்த பிள்ளைகள்தான் கூடுதலாகச் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன், குறை நினைக்க வேண்டாம்.

எண்பத்தோராயிரம் பேர் ஒரு நாட்டுக்குப் பிரதமரைத் தெரிவது சரியில்லைதான். மன்னரை வைத்துக்கொண்டு ஜனாதிபதியை எங்கே இருத்துவது என்பதை அந்த நாட்டவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் கதையின் மற்றப் பாதியை ஏன் விட்டீர்கள்? செப்டம்பர் 23 அன்று ட்ரஸின் அரசு கடன்பட்டு வரி குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. பவுண் விழுந்தது, வட்டி ஏறியது. ஒக்டோபர் 20 அன்று விலகுகிறேன் என்றார். ஒரு மாதம்கூட இல்லை! அவரை அனுப்பியது அவருடைய கட்சி எம்பிக்களே. 2019 இல் எண்பது ஆசனப் பெரும்பான்மையோடு வந்த கட்சி அது. அடுத்த தேர்தலில் தொகுதிக்குள் கால் வைக்க முடியாது என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தின் அருமை உங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். 2019 இல் 69 இலட்சம் பேர் நேரடியாக வாக்களித்து கோட்டாபய ராஜபக்ஷவை ஜனாதிபதியாகக் கொண்டுவந்தார்கள். பத்து வருடத்தில் படிப்படியாக இயற்கைப் பசளைக்கு மாறுவோம் என்று விஞ்ஞாபனத்தில் இருந்தது. 2021 மே 6 அன்று வர்த்தமானி வந்தது: இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை. பத்து வருடத் திட்டம் ஒரு போகத்துக்குள் வந்துவிட்டது. அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. விவசாயப் பேராசிரியர்கள் வேண்டாம் என்றார்கள். விவசாயிகள் வெறுங்கையோடு வீதியில் நின்றார்கள். நீங்கள் கேட்கிற துணிந்த முடிவு இதுதான், தம்பி.

அந்த மாரியில் வெல்லாவெளிப் பக்கம் போயிருந்தேன். விதைத்த வயலுக்கு முதற் பசளை எறிய வேண்டிய நாட்கள். கமநல நிலையங்களில் யூரியா இல்லை. நனோ நைட்ரஜன் என்று போத்தலில் ஒரு திரவம் வந்தது. சேதனப் பசளை ஏற்றிவந்த சீனக் கப்பலில் தீங்கான பக்டீரியா இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பசளைக்கும் 67 இலட்சம் டொலர் கட்டித்தான் பிரச்சினையை முடித்தார்கள். நவம்பர் கடைசியில் தடையை நீக்கினார்கள். பயிர் அதற்காகக் காத்திருக்குமா? தை மாதம் மறுபடி போனபோது வேளாண்மை மஞ்சளித்து, இடுப்புக்கு வரவேண்டியது முழங்காலோடு நின்றது. ஏக்கருக்கு முப்பது மூடை காணுகிற வயல், இந்த முறை வெட்டுமெசின் கூலிக்கே காணாது என்றார் ஒரு பெரியவர். மகளின் தோட்டை ஈடு வைத்து விதைத்தவர். "ஆரிட்ட மனே போய்ச் சொல்றது?" என்று கேட்டார். நாற்பது வருடம் படிப்பித்தவளிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

ஆரிட்டப் போய்ச் சொல்வது? எம்பியிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? பிரதமர் என்றால் சபையில் பெரும்பான்மை போன அன்றே வீட்டுக்குப் போக வேண்டும். ஜனாதிபதி சபைக்கு வெளியே இருக்கிறார். அவரை அகற்றுவதென்றால் குற்றப்பிரேரணை, மூன்றில் இரண்டு பெரும்பான்மை, உயர் நீதிமன்ற விசாரணை, திரும்பவும் மூன்றில் இரண்டு. 1991 இல் அப்போதைய ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக முயன்றார்கள். அவர் சபையையே ஒத்திவைத்தார், கடைசியில் சபாநாயகர் பிரேரணையை நிராகரித்தார். 1978 இலிருந்து இன்றுவரை ஒருவரும் அந்த வழியால் பதவி இழக்கவில்லை. 2022 இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற சனம் மாளிகைக்குள் புகுந்த பிறகுதான் ஜூலை 13 அன்று ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார். ட்ரஸ் போக ஒருவரும் சாகவில்லை, ஒரு வீடும் எரியவில்லை. இங்கே மே மாதம் இரண்டும் நடந்தன. அதன் பிறகு ஜூலை 20 அன்று 134 எம்பிக்கள் சேர்ந்து, தேசியப் பட்டியலில் ஒரேயோர் ஆசனம் கிடைத்த கட்சியின் தலைவர் ரணில் விக்ரமசிங்கவை ஜனாதிபதியாக்கினார்கள். உங்கள் எண்பத்தோராயிரத்தை விடச் சிறிய எண் இது. நேரடியாகத் தெரிவு செய்கிற நாட்டில்தான் இதுவும் நடந்தது.

ஒருவரை ஆர் தெரிந்தார்கள் என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். பிழை செய்தால் அவரை நடுவழியில் நிறுத்த ஆளிருக்கிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. பயிருக்கு ஐந்து வருடம் இல்லை.

சிறுபான்மை வாக்கு பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த நம்பிக்கையை நான் ஏளனம் செய்ய மாட்டேன். 1988 இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற பிரேமதாசவிடம் பேசி, மாவட்டத்தில் ஆசனம் பெற ஒரு கட்சி எடுக்க வேண்டிய குறைந்தபட்ச வாக்கை, அதாவது வெட்டுப்புள்ளியை, பன்னிரண்டரையிலிருந்து ஐந்து வீதமாக முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் குறைப்பித்தார். 2015 இல் மட்டக்களப்பும் அம்பாறையும் மைத்திரிபாலவுக்கு அள்ளிக் கொடுத்தன. ஆனால் 2019? இந்த இரண்டு மாவட்டமும் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் நின்ற கோட்டாபய 52 வீதத்தோடு வென்றார். சிங்கள மக்களின் வாக்காலேயே வெல்லலாம் என்று தெரியும் என்று அநுராதபுரத்தில் பதவியேற்றபோதே சொன்னார். நம் வாக்கு இல்லாமல் முடியாது என்ற கணக்கு அன்றோடு முடிந்தது. இன்னும் அதையே மேடையில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள்.

பாராளுமன்றம் நமக்கு நீதி செய்தது என்று சொல்ல வரவில்லை. 1948 இல் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்ததும், 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் கொண்டுவந்ததும் பாராளுமன்றம்தான். அது தனிக் கடிதத்துக்குரிய விஷயம். 1978 யாப்பு அதில் எதையும் திருத்தாமல், முழுப் பாரத்தையும் ஒருவர் கையில் கொடுத்தது. போதாததற்குத் தொகுதி எம்பியையும் எடுத்துவிட்டது. உங்கள் ஊர் பட்டிருப்புத் தொகுதி. ஒரு காலத்தில் அதற்கென்று ஓர் எம்பி இருந்தார், விடியக் காலையில் அவர் வாசலில் போய் நிற்கலாம். இப்போது மாவட்டத்துக்கே ஐந்து பேர். குளக்கட்டு உடைந்தால் ஐந்து பேரில் எவரைப் பிடிப்பது என்று தெரியாது.

1994 இலிருந்து ஒவ்வொருவராக இந்த முறையை ஒழிப்போம் என்று வாக்குக் கேட்டிருக்கிறார்கள். 2024 இல் 159 ஆசனம் எடுத்த தேசிய மக்கள் சக்தியினரும் அதைத்தான் சொன்னார்கள். மூன்றில் இரண்டுக்கு 150 போதும். செய்யுங்கள் என்று நாங்கள் இங்கே கேட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கள் பிள்ளை லண்டனில் இருந்து அதே முறையை அங்கே கொண்டுபோக ஆசைப்படுகிறது.

ஒன்று கேட்கிறேன், உங்கள் தொகுதி எம்பியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அங்கே எம்பிக்கள் தொகுதி மக்களை நேரில் சந்திக்க நேரம் ஒதுக்குகிறார்கள். பொதுநலவாய நாட்டுக் குடிமகனாக அங்கே வசிப்பதால் பொதுத்தேர்தலில் உங்களுக்கு வாக்கும் உண்டு. வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்தக் கிழமையே பதியுங்கள். பதிந்துவிட்டு ஒருநாள் அந்த எம்பியிடம் போய், வீட்டு வாடகையைப் பற்றியோ வீசாவைப் பற்றியோ பேசிப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ரீச்சர்